தொங்கவிட்ட பூட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து மண்ணைப் பார்க்கிற வேலை என்று சொன்னாய். அவ்வப்போது நிமிர்ந்தும் நில்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் போன் கூடத்தின் நடுவில் இருக்கிறது. நான் 'ஹலோ' என்றால் மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுக்கிறார். உன் அத்தான் செய்தித்தாளைக் கொஞ்சம் கீழே இறக்குகிறார். கடிதம் என்றால் எனக்கு மட்டும்.

என் கொழுந்தனுக்கு நீ வேலை வாங்கிக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று வருடம் வேலையில்லாமல் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தவர். 'எம் மருமகளோட தம்பிதான் டிரைவரா சேத்து விட்டான்' என்று மாமியார் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருடச் சமையலுக்கு எனக்குக் கிடைக்காத நல்ல பெயரை நீ ஒரே சிபாரிசில் வாங்கிக் கொடுத்துவிட்டாய்.

அவரோ ஒரு வரி எழுதுவதில்லை. மாதம் ஒரு தடவை போன் செய்து, 'நல்லாருக்கேன்மா, வச்சிடறேன்' என்கிறார். அங்கே அவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்களாமே? வாயே திறக்காத மனிதருக்கா? எப்படி இருக்கிறார் என்று நீயாவது எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. அத்தானுக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

பெயர் வைத்தது நானில்லை, ரோலர் ஓட்டுகிறவர். 'வண்டிலயும் ஹாரன் அடிக்க மாட்டான், வாயாலயும் அடிக்க மாட்டான். பேர்லயாவது இருந்துட்டுப் போகட்டும்' என்றார். ஒட்டிக்கொண்டது. ஹாரன் ஓட்டுகிற வண்டியில்தான் நான் போகிறேன். சைட்டில் என்னை 'சார்' என்கிறார். நானும் அவரும் மட்டும் வண்டியில் இருந்தால் 'மச்சான்' என்கிறார்.

என் வேலை என்ன என்று அத்தான் முன்பு ஒரு தடவை கேட்டார். புதிதாகப் போட்ட சாலையில் மண் போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் மஞ்சள் பெட்டி என்போம். சூட்கேஸ் அளவு, கனம் இரண்டு சூட்கேஸ். மேலே ஒரு கம்பி நிற்கும். அந்தக் கம்பியின் நுனியில், எஃகு உறைக்குள், மிளகைவிடச் சிறிய கதிர்வீச்சுப் பொருள். கம்பியை மண்ணுக்குள் இறக்கி ஒரு நிமிடம் வைத்தால் பெட்டி ஓர் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான். கம்பி பெட்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை. யாராவது உடைத்து அந்த மிளகை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் சதை வெந்துபோகும். வீட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டில் உள்ளவர்களையும் விடாது.

அதனால் இரண்டு பூட்டு. கம்பியின் பிடிக்கு ஒன்று. பெட்டியைச் சங்கிலியால் வண்டியோடு பிணைக்க இன்னொன்று. சாவி இரண்டும் எப்போதும் என் இடுப்பில் இருக்கும். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவன்தான் வைத்திருக்க வேண்டும். பெட்டியை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் இரண்டையும் பூட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து இடத்தில் ஏற்றி இறக்க வேண்டும். அதனால் பகலில் சங்கிலிப் பூட்டைத் தொங்கவிடுவோம். வளையத்தைச் சங்கிலியில் மாட்டிவிட்டு அமுக்காமல் விடுவது. பார்க்கிறவனுக்குப் பூட்டியிருப்பதுபோல் தெரியும். சாயங்காலம் கிடங்கில்தான் அமுக்குவோம். எல்லா சைட்டிலும் இதுதான் வழக்கம்.

ஹாரனுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். சொல்லமாட்டார். வண்டியை விட்டு நகரமாட்டார், அவ்வளவுதான். நாங்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விடுவார்.

பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு என் பெயரும் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நல்ல செய்தி எழுத உட்காரவில்லை.

மார்ச் 2ஆம் தேதி, பகல் ஒன்றே காலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில், மஞ்சள் பெட்டி திருடு போய்விட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பின்பக்கம் மர நிழலில் வண்டி நின்றது. வந்து பார்த்தபோது பெட்டியும் இல்லை, சங்கிலியும் இல்லை. பூட்டு மட்டும் வண்டித் தரையில் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

போலீஸ் வந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி, அளக்கும் கருவியோடு வந்தார். 'மஞ்சள் நிறப் பெட்டியைக் கண்டால் தொடாதீர்கள், திறக்காதீர்கள்' என்று மூன்று நாளாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. எடுத்தவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. அதுதான் பயம்.

ஹாரனை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அநேகமாக இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை ஒன்றும் கேட்க வேண்டாம். களைத்திருக்கிறார்.

எனக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

தம்பி

*

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் சின்னவரும் வந்தார். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன் கையெழுத்து சரியாக இல்லை.

அவர் பையை வைத்தார், குளித்தார், வாசலில் போய் நின்றார். இன்றுவரை அப்படித்தான். கம்பெனிக் கடிதத்தை மாமியார் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 'ஓட்டுநரின் அலட்சியம்' என்று மூன்று இடத்தில் இருந்தது. மாமியார் அவரைப் பார்த்து, 'ஒரு பூட்டக்கூடப் பூட்டத் தெரியாதாடா உனக்கு?' என்றார். 'விடும்மா' என்றார் அவர். மாமியார் என் பக்கம் திரும்பி, 'உன் தம்பி நம்பிச் சேத்து விட்டான், அவன் மானத்தையும் சேத்து வாங்கிட்டு வந்திருக்கான் பாரு' என்றார். நான் தலையாட்டினேன். சின்னவர் அங்கேதான் நின்றார்.

செய்தித்தாள் இந்த ஊருக்கும் வருகிறது. முடிவெட்டப் போன இடத்தில், 'கதிர் பட்டவரா நீங்க? இன்னொரு நாள் வாங்களேன்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சாவி இரண்டும் எப்போதும் உன் இடுப்பில் என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிக் கடிதத்தில் சாவி ஓட்டுநரிடம் இருந்தது என்று இருக்கிறது. எது சரி?

அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

தினமும் தேடிக்கொண்டிருக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தொரு பழைய இரும்புக் கடைகளைப் பார்த்தாயிற்று. அதிகாரி கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு குவியல் குவியலாக நடக்கிறார். அது எப்போதாவது 'டிக்' என்னும். அந்த அளவு வெறும் மண்ணிலும் இருக்குமாம். பள்ளிகளுக்குப் போய்ப் பெட்டியின் படத்தைக் காட்டினோம். ஓர் ஆசிரியை, 'பிள்ளைங்க இப்ப மஞ்சளா எதப் பாத்தாலும் ஓடுதுங்க சார், ஸ்கூல் பஸ்ஸக்கூட விடல' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.

மருத்துவமனைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். கையில் தீக்காயம் மாதிரி வந்து, எங்கே சுட்டது என்று தெரியாமல் யாராவது வந்தால் உடனே சொல்லும்படி. ஒவ்வொரு நாளும் காலையில் அதிகாரி மருத்துவமனைகளுக்குப் போன் செய்கிறார். ஒருவரும் இல்லை என்று கேட்டுப் போனை வைத்த பிறகுதான் தேநீர் குடிக்கிறார்.

நீ கேட்டது பற்றி. விசாரணையில் இருக்கிற விஷயத்தை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் நேரில் பேசலாம்.

அத்தானுக்கு வணக்கம். உன் மாமியாரிடம் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

சின்னவர் வீட்டை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. வேலை தேடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் போவதற்கு முந்தின நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். மஞ்சள் கலர் பென்சில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கைப்பிடி, கம்பி, கம்பியின் பிடியில் ஒரு பூட்டு, பக்கவாட்டில் அந்த மூன்று இதழ் எச்சரிக்கைக் குறி. இத்தனை நன்றாக வரைவார் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலை தேடுகிறவருக்கு அந்தப் படம் எதற்கு?

இன்னொன்று. அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு போட்டேன். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். 'உக்காந்து சாப்பிடுங்களேன், யாரு தொரத்தறா?' என்றேன். 'அன்னிக்கு ஒரு நாள்தான் உக்காந்து சாப்பிட்டேன் அண்ணி. போதும்' என்றார்.

எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

அக்கா

*

மே 18

அன்புள்ள அக்கா,

பெட்டி கிடைத்துவிட்டது!

மே 15. காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு போன். 'பெட்டி இருக்கு. சாரை வரச் சொல்லுங்க. அளக்கற மெஷினோட வரச் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்.' பேசியவர் பெயர் சொல்லவில்லை. இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னாராம். இங்கிருந்து நான்கு மணி நேரப் பயணம். நாங்கள் தேடவே தேடாத ஊர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகப் பழைய இரும்புக் கடைகள். அதிகாரியும் நானும் போலீஸும் போய்ச் சேர மூன்று மணி.

கடைசிக் கடையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே கூட்டம். முன்னால் நின்றது ஹாரன். காலண்டர் தாள் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார்: 'எங் கடைக்குள்ள என்னையே போகக் கூடாதுங்கறான் சார் இந்தாளு! அஞ்சு மணி நேரமா வெயில்ல நிக்கறேன்! என் செருப்புகூட உள்ளதான் இருக்கு!' ஹாரன் அவரைப் பார்க்காமலே, 'பத்தடி தள்ளி நில்லுங்க' என்றார். பத்தடி என்பது சைட்டில் நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது.

பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்களாம், முகம் நினைவில்லையாம். 'கால் வச்சுக்க வாட்டமா இருந்துச்சு சார்' என்றார் கடைக்காரர். பிடியின் பூட்டில் ரம்பம் வைத்து அறுத்த தடம், ஒரு நெல் ஆழம். 'ரெண்டு பிளேடு ஒடஞ்சுது. சனியன் பிடிச்ச இரும்பு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். மறந்தே போச்சு' என்றார். அதிகாரி கருவியை நீட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கம்பி உள்ளேயேதான் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ் ஆய்வாளர் ஹாரனிடம், 'ரெண்டரை மாசமா நாங்க தேடினோம். எங்களுக்குக் கெடைக்காதது உனக்கு மட்டும் எப்படிடா கெடச்சுது? ஒளிச்சு வச்சவனுக்குத்தானே எடம் தெரியும்?' என்றார். ஹாரன் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன் என்றார். ஆய்வாளர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஹாரன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'பாத்துக்கோங்க சார்' என்று பெட்டியைக் காட்டினார். பிறகு யாரும் பிடித்துத் தள்ளாமல் அவராகவே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கவலைப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்.

பாதுகாப்பு அலுவலர் பதவி எனக்கு வந்திருக்கிறது. ஜூன் முதல் தேதியிலிருந்து.

தம்பி

*

மே 27

தம்பி,

அவரை அனுப்பவில்லை. சிறையில் வைத்திருக்கிறார்கள். திருட்டுக்கு உடந்தை என்று வழக்கு. நானும் உன் அத்தானும் நேற்றுப் போய்ப் பார்த்தோம். பத்து நிமிடம், கம்பி வலைக்கு இந்தப் பக்கம்.

வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'சாவி ஓட்டுநர் கையில இருந்துச்சு, ஓட்டுநர் வண்டிப் பக்கத்துலயே இருந்தார்னு மேலாள் எழுதிக் குடுத்திருக்கார். அப்படின்னா இவர் கண்ணு முன்னாடிதான் பெட்டி போயிருக்கணும். இவரும் கையெழுத்துப் போட்டிருக்கார். அந்த அறிக்கை நிக்கற வரைக்கும் இவர வெளிய கொண்டுவர்றது கஷ்டம்மா.'

அந்த மேலாள் நீ.

நான் அவரிடம் கேட்டேன்: 'அன்னிக்கு எங்கதான் இருந்தீங்க?' அவர் என்னைப் பார்க்கவில்லை. 'எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னா உங்களுக்குக் கஷ்டம் அண்ணி' என்றார்.

உன்னிடம் ஒரே கேள்வி. அன்று ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றாரே, அப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது யார்?

*

ஜூன் 9

தம்பி,

தபால்காரரிடம் கேட்டேன். எனக்கு வந்த கடிதம் எதுவும் தவறவில்லை என்கிறார்.

'தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா, லெட்டரே காணோமே' என்று மாமியார் நேற்றுக் கேட்டார். உன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

*

ஜூன் 16

அன்புள்ள அக்கா,

எதிரே உட்கார்ந்திருந்தது நான்.

அன்று காலையிலிருந்து பதினொரு இடம் முடித்திருந்தோம். நல்ல வெயில். வண்டியைக் கடைக்குப் பின்னால் நிழலில் நிறுத்தச் சொன்னது நான். ஹாரன் வழக்கம்போலப் பொட்டலம் வாங்கப் போனார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். 'வா மச்சான், ஒரு நாளாவது மனுசன் மாதிரி உக்காந்து சாப்பிடு' என்றேன். 'வண்டி, சார்' என்றார். 'வண்டி தானா ஓடிடுமா? நீதானே டிரைவர்' என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார். பாவம், தினமும் ஸ்டியரிங்மேல் வைத்துச் சாப்பிடுகிறாரே என்றுதான் கூப்பிட்டேன். அது மட்டும் உண்மை.

நாற்பது நிமிடம் இருந்தோம். அன்று அவர் பேசினார் அக்கா. பத்து வயதில் முதன்முதலாக ஒரு வண்டியைக் கிளப்பி உங்கள் வீட்டுப் பின்சுவரை இடித்த கதையைச் சொன்னார். அத்தான்தான் இடித்தார் என்று உன் மாமியார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாராமே. அடி வாங்கினது அத்தானாம். 'அண்ணன் கடைசி வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல மச்சான்' என்றார்.

திரும்பிப் போனபோது பெட்டி இல்லை. சாவி இரண்டும் என் இடுப்பில் இருந்தன. சங்கிலிப் பூட்டைத் தொங்கவிட்டிருந்தவன் நான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். 'சாவி யாரிடம் இருந்தது' என்று ஒரு கட்டம். அதில் என் பெயரை எழுதினால் சான்றிதழ் போய்விடும், இனி ஒருநாளும் அந்தப் பெட்டியைத் தொட முடியாது, பதவியும் இல்லை. 'ஓட்டுநர்' என்று எழுதினேன். 'வாகனத்தின் அருகில் இருந்தவர்' என்று அடுத்த கட்டம். அங்கேயும் அதையே எழுதினேன். பேனாவை எடுக்கும்போது அந்தச் சுவர்க் கதைதான் ஞாபகத்தில் இருந்தது. அதை நம்பித்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை. மெதுவாகப் படித்தார். 'இப்படித்தானா, சார்?' என்றார். மச்சான் என்று கூப்பிடவில்லை. 'இப்போதைக்கு' என்றேன். போட்டுவிட்டார்.

உன் இரண்டு கடிதங்களும் என் மேசையில் இருக்கின்றன. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிதாக வருகிற ஆட்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். 'பூட்டை அமுக்கும்போது சத்தம் காதில் விழ வேண்டும்' என்று சொல்லிக் கொடுக்கிறேன். பதினைந்து நாள் அப்படி நின்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை பாதுகாப்புத் துறை அதிகாரியிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். படித்தார். திட்டவில்லை. 'சாவியக் கழட்டி மேசைமேல வைங்க' என்றார். வைத்தேன். அங்கிருந்து போலீஸிலும் கொடுத்தேன். கடைச் சிப்பந்திக்கு எங்கள் இருவரையும் ஞாபகம் இருக்கிறது, வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடு. பிறகு அவரிடமும் காட்டு.

வீட்டில் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்.

தம்பி

*

ஜூலை 4

தம்பிக்கு,

சின்னவர் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். கடையில் ஐந்து மணி நேரம் நின்றதற்காக மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. இதை உனக்காகத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எல்லோரும் கேட்கும்படி. சுவர் இடிந்த இடம் வந்ததும் உன் அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, 'வெளக்கமாறு பிஞ்சு போற அளவுக்கு வாங்கினேன்' என்றார். மாமியார் முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். 'பூட்டத் தெரியாதாடான்னு கேட்டேனே' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் தெருவிலும் உன் பேச்சை எடுப்பதில்லை. நான் சமையலறைக்குள் போனால் பேச்சை மாற்றுகிறார்.

கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. போகவில்லை என்கிறார். முடிவெட்டுகிறவர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். இவர் 'பரவால்ல, விடுங்க' என்று தலையைக் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குத்தான் போகிறார். நின்றுகொண்டே, தெருவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். 'இப்ப எதுக்குக் காவல்?' என்று கேட்டேன். 'பழகிடுச்சு அண்ணி' என்றார்.

நீ எழுதிக் கொடுத்த நகலை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். 'எல்லாம் சரியா எழுதியிருக்காரு. ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு' என்றார். என்ன என்று கேட்டேன். 'அது அவருக்குத் தெரியும். போகட்டும்' என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

என்ன விட்டுப் போயிற்று? இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சம் வைத்திருக்கிறாயா?

இப்போது இங்கே வர வேண்டாம். வரலாம் என்றால் நானே எழுதுகிறேன்.

முதுகு எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஜூலை 12

அன்புள்ள அக்கா,

முதுகு பரவாயில்லை. கேட்டிருக்கிறாய், அது போதும். சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். சிமெண்டுக் கிடங்கு ஒன்றில் மூட்டை வரவு பார்க்கிறேன்.

விட்டுப் போனது இதுதான்.

வண்டியை நிறுத்தி இறங்கியதும் ஹாரன் பின்பக்கம் போனார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, 'அமுக்கிடட்டுமா, சார்?' என்று கேட்டார். பூட்டை அமுக்கச் சாவி தேவையில்லை, ஒரு விரல் போதும். திறக்கத்தான் சாவி வேண்டும். சாப்பிட்டு வந்த பிறகு நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வேலைக்குச் சோம்பல்பட்டு, 'தொங்கட்டும், வா' என்றேன்.

அவர் கை பூட்டின் மேல்தான் இருந்தது. எடுத்துவிட்டார்.

இதையும் எழுதி இன்று அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். இனி விட்டுப் போனது எதுவும் இல்லை.

எனக்குப் பதில் போட வேண்டும் என்று இல்லை. அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்றைக்கு மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி